சப்ளை பக்கம்

அண்ணாச்சி, காலக் கொஞ்சம் அந்தப் பக்கமா நீட்டிக்கிடுங்க. பையில இருக்கது கிட்டாரு. கழுத்துப் பக்கம் மிதி பட்டுச்சுன்னா சுருதி போயிரும். மேல கம்பியில வைக்கலாம்னா எடம் இல்ல, அந்தம்மா முழுப் பலாப்பழத்தத் தூக்கி வச்சிருக்கு.

மணி என்ன ஆச்சு உங்களுக்கு? ஒம்பதரையா? அப்பம் என் வாட்சு சரிதான். இந்த டிரைவர் என்ன, மாட்டு வண்டியா ஓட்டுதான்? பத்தரைக்குக் கல்யாணம் அண்ணாச்சி. குரும்பூர் தாண்டி விலக்குல எறங்கி, அங்கன இருந்து கோயிலுக்கு நடக்கணும். கோயில்னா சர்ச்சு. நாங்க கோயில்னுதான் சொல்லுவோம், பாதிரியார ஐயருன்னுதான் சொல்லுவோம், எங்க ஊருப் பழக்கம் அது.

இல்ல இல்ல, கச்சேரிக்காரன் இல்ல. நான் ஈபில லைன்மேனாச் சேந்து லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டயர்டு ஆனவன். ஞானசிகாமணின்னு பாளையங்கோட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்க. எங்க கோயில் பாடகர் குழுவுல பேஸ் கிட்டாரு வாசிக்கேன். கல்யாணம் யாருக்கா? எம் மவளுக்கு.

அப்படிப் பாக்காதிய. பொண்ணப் பெத்தவன் பட்டு வேட்டி கட்டி, கார் முன் சீட்டுல உக்காந்து போவான், இவன் என்ன பஸ்ல கிட்டாரக் கட்டிப் புடிச்சிக்கிட்டு வாரான்னுதான நெனைக்கிய? நெனைங்க. ஊரே நெனைக்கு. எங்க வீட்டுக்காரி, எம் மவ, சொந்தபந்தம் எல்லாரும் நேத்தே வேன் புடிச்சுப் போயாச்சு. நான் அங்க பொண்ணுக்கு அப்பனாப் போகல அண்ணாச்சி. பேஸ் வாசிக்கப் போறேன். வாசிச்சிட்டு, பைய மாட்டிக்கிட்டு, அடுத்த பஸ்ல திரும்பிருவேன். பிரியாணி கூட வேண்டாம்.

எல்லாம் ஒரு பேட்டரியாலதான். சிரிக்காதிய. சொல்லுதேன், கேளுங்க. வழியில எப்படியும் ரயில்வே கேட்டுல நிக்கணும், நேரம் போகும்.

சாதா கிட்டாருக்கு ஆறு கம்பி. இதுக்கு நாலு. தடிச்ச கம்பி. பாட்டுல இது தனியாக் கேக்காது, இல்லேன்னாத்தான் என்னமோ கொறையுதேன்னு தெரியும். எங்க சபையில துபாய்ல இருக்க ஒரு குடும்பம் இத வாங்கிக் காணிக்கையாக் குடுத்தாவ. நல்ல சாமான். ஆனா இது ஆக்டிவ் பேஸு. அப்படின்னா வயித்துக்குள்ள பேட்டரி வச்சது. சின்னதாச் சதுரமா இருக்கும்லா, காலர் மைக்குக்குப் போடுவாவள, நைன் வோல்ட்டு, அது. அந்தப் பேட்டரி இருந்தாத்தான் சத்தம். செத்துச்சுன்னா மொதல்ல கரகரங்கும், பொறவு தொண்ட கட்டினவன் மாதிரி உறுமும், பொறவு படுத்துரும்.

அதப் பாதுகாக்கணும் அண்ணாச்சி. அது ஒரு முறை. வால்யூமப் பூஜ்யத்துல திருப்பி வச்சா பேட்டரி ஓடாதுன்னு நெறைய பேரு நெனச்சிக்கிட்டு இருக்கான். கோட்டிக்காரனுவ. திருப்பினாலும் ஓடும். பேட்டரி இல்லாம வாசிக்கதுக்குன்னு ஒரு தட்டு சுவிச்சு இருக்கு, அதத் தட்டி வச்சாலும் உள்ளுக்குள்ள ஓடத்தான் செய்யும். ஒயர உருவணும். வாசிச்சு முடிச்சமா, ஒயர உருவிரணும். நம்ம தெருக்கடையில விக்க மட்டமான பேட்டரி போடக்கூடாது, அல்கலைன் போடணும். மாத்துனா ஒரு சின்னத் தாள்ல தேதி எழுதி ஒட்டணும். மீட்டர் இல்லேன்னா ரெண்டு முனையையும் நாக்குல வச்சுப் பாக்கணும். புதுசுன்னா சுருக்குன்னு கடிக்கும், பழசுன்னா சப்புன்னு இருக்கும். இதெல்லாம் என்ட்ட யாரும் சொல்லித் தர வேண்டாம். முப்பது வருசம் கம்பத்துல ஏறுனவன் நான்.

எங்க வேலையில மொதப் பாடம் என்ன தெரியுமா? எப்பவும் சப்ளை பக்கம், அதான் கரண்டு வார பக்கம், கட் பண்ணணும். லோடு பக்கம் புடுங்கிட்டு சப்ளைய உட்டுட்டியோ, செத்த. எங்க கூட இருந்த ஒருத்தன் அப்படித்தான் போனான், பாவம், கலியாணமாகி ஒரு வருசம் ஆகல. அன்னைல இருந்து எனக்கு அது ரத்தத்துல ஊறிப் போச்சு. வீட்டுல மிக்சி ஓடி முடிஞ்சாலும் நான் செவத்துலதான் போயி உருவுவேன். எங்க வீட்டுக்காரி தலையில அடிச்சிக்கிடுவா.

அதே முறைதான் கிட்டாருக்கும். ஞாயித்துக்கிழமை காலம்பற ஆராதனை முடிஞ்சதும், மத்தவன்லாம் டீ குடிக்க ஓடுவான். நான் போக மாட்டேன். ஆம்ப்ளிபயர்ப் பெட்டிய அணைப்பேன். பெட்டியில இருந்து ஒயர உருவுவேன். உருவி, ஒரு முறுக்கு இல்லாமச் சுத்தி, வெள்ள நாடாவால ஒரு கட்டுக் கட்டி, கிட்டார் மேலயே சாத்தி வச்சு, துணியப் போத்திட்டுத்தான் வெளிய வருவேன். ஒரு ஞாயித்துக்கிழமை கூடத் தவறுனது கெடையாது. ஐயருகூட ஒரு தடவ, சிகாமணி அண்ணன் சாமான் வைக்க நேர்த்தியப் பாருங்கன்னு ஆல்டர்ல நின்னே சொன்னாரு.

ஆனாலும் பேட்டரி செத்துச்சு. மறு ஞாயிறு எடுத்தா கரகரங்கும். புதுசு போடுவேன், ரெண்டு வாரத்துல செத்துரும். திரும்பப் புதுசு. திரும்பச் சாவு. எனக்கு வெறி புடிச்சிட்டு.

அப்பம் யாரு கொன்னது? கிட்டார வேற யாரு தொடுதான்? எடிசன் தொடுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்கு அவன்தான் வாசிக்கான். எங்க ஊரு ஸ்கூல்ல பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கான், வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்கியிருக்கான், அப்பா இல்ல, அம்மா இந்தக் குரும்பூர்ப் பக்கம் இருக்கு. பேரப் பாத்தியளா? எடிசன். உலகத்துக்கே வெளக்கு ஏத்துனவன் பேரு. பேட்டரியப் பத்தி மட்டும் ஒரு எழவும் தெரியாது. வெள்ளிக்கிழமை அவன் வாசிக்கான், ஞாயித்துக்கிழமை எங்கைல வரும்போது சாவுது. அப்பம் வெள்ளிக்கிழமை அவன் ஒயர உருவாமப் போட்டுட்டுப் போறான்னுதான அர்த்தம்? சனிக்கிழமை கோயில் பெருக்குதவன் எல்லா ஒயரையும் உருவி ஒதுக்கி வச்சிருவான், அதனால கையும் களவுமாப் புடிக்க முடியல. நீங்களே சொல்லுங்க. இதுக்குப் பெரிய போலீசு வேணுமா?

இந்தா, கேட்டு போட்டுட்டான். நான் சொன்னேம்லா. திருச்செந்தூர் ரயிலு இப்பமா வரணும்? மணி என்ன? சரி சரி. இன்னும் நேரம் இருக்கு. இருக்குல்லா?

ஈஸ்டர் அன்னைக்கி நடந்தத மட்டும் சொல்லுதேன். கோயில் நெறஞ்சு வாசல் வரைக்கும் சனம் நிக்கு. உயிர்த்தெழுந்த பாட்டு. எல்லாரும் எந்திரிச்சி நின்னு கையத் தட்டிப் பாடுதாவ. மூணாவது சரணத்துல எங் கிட்டாரு உறும ஆரம்பிச்சுது. கர்ர்ருன்னு. சின்னப் பிள்ளைய எல்லாம் திரும்பிப் பாக்கு. பொறவு ஒரு ஏப்பம் விட்ட மாதிரி சத்தம் வந்துச்சு, அதோட நின்னுட்டு. செத்துட்டு. ஆண்டவரு உயிர்த்தெழுந்த அன்னைக்கி எம் பேட்டரி செத்துட்டு! நான் கம்பிய மீட்டிக்கிட்டே நிக்கேன், சத்தம் வரல, வாசிக்க மாதிரி கைய ஆட்டிக்கிட்டே நிக்கேன். ட்ரம்ஸ் வாசிக்கவன் என்னப் பாத்துச் சிரிக்கான். மானம் போச்சு அண்ணாச்சி. அன்னைக்கி நான் சாப்பிடல.

சாயங்காலமே எடிசனக் கூப்புட்டு ஐயரு முன்னாடி நிப்பாட்டிட்டேன். சும்மா உடல. ஏல, படிச்ச பயதானல நீ, பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க, ஒரு ஒயர உருவத் துப்பில்லையா உனக்கு? சபைச் சொத்துன்னா எளக்காரமா? இப்படித்தான் கேட்டேன், இன்னும் கூடக் கேட்டேன். அவன் என்னப் பாத்தான். பொறவு மூலையில துணியப் போத்தி வச்சிருந்த கிட்டாரப் பாத்தான். தலையக் குனிஞ்சிக்கிட்டு ஒரே வார்த்த சொன்னான், "இனிமே நான் பாத்துக்கிடுதேன் மாமா"ன்னு.

ஒத்துக்கிட்டாம்லா! தப்பு செய்யாதவன் தலையக் குனிவானா? நான் செய்யலன்னு குதிச்சிருக்க மாட்டானா? ஐயருட்டச் சொன்னேன், பாத்தியளா ஐயரே, பய வாயாலயே வந்துட்டுன்னு.

இதுல வேடிக்க என்னன்னா, அன்னைல இருந்து ஒரு பேட்டரி சாகல. ஒண்ணு கூட. மழைக்காலம் போச்சு, கிறிஸ்மஸ் போச்சு, அதே பேட்டரி. நாக்குல வச்சாச் சுருக்குன்னு கடிக்கி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு? திட்டுனேன், திருந்துனான். அவ்வளவுதான் கணக்கு. அதோட எனக்கும் அவம் மேல கோவம் ஆறிப்போச்சு, நெசமாச் சொல்லுதேன். எதுத்தாப்ல வந்தா, என்னல எடிசன், சாப்பிட்டியான்னு கேக்க அளவுக்கு வந்துட்டேன்.

அதுக்குள்ள பய வேற வேல பாத்துட்டான்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சி வீட்டுக்கு வந்து பாக்கேன், கண்ணாடியக் கோயில்லயே வச்சிட்டேன். திரும்பப் போனேன். உச்சி வெயிலு. வாசல்ல அவன் பைக்கு நிக்கி. உள்ள எட்டிப் பாக்கேன், கிட்டார் மூலையில அவன் குனிஞ்சி நிக்கான். துணிய எடுத்திருக்கான். ஆல்டர் பக்கத்துல எம் மவ எப்சி பூ ஜாடிய வச்சிக்கிட்டு நிக்கா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாடுன பூவ எடுத்துத் தண்ணி மாத்துறது அவ பொறுப்பு. ரெண்டு பேரும் மெதுவாப் பேசிச் சிரிக்காவ. என்னக் கண்டதும் அவன் அந்த வெள்ள நாடாவக் கையில வச்சிக்கிட்டு முழிக்கான். இவ சொல்லுதா, "எப்பவும் வருவாருப்பா, வந்து பாத்துட்டுப் போவாரு"ன்னு. எப்பவுமாம்! எல்லா ஞாயித்துக்கிழமையும் மத்தியானம் இங்கன வாரானாம்! வெள்ளிக்கிழமை வாசிக்கவனுக்கு ஞாயித்துக்கிழமை உச்சி வெயிலுல கிட்டார்ட்ட என்னல வேல? எனக்கா தெரியாது? கிட்டாரு ஒரு சாக்கு. எம் பிள்ளையப் பாக்க வந்திருக்கான்.

அன்னைக்கே அவனப் பைக்க எடுக்கச் சொல்லி வெரட்டிட்டேன். ஆனா எப்சி என்ன சின்னப் பிள்ளையா? இருபத்தேழு வயசு. லேப்புல வேல பாக்கா. அவளே வந்து சொன்னா, "அப்பா, நான் அவரத்தான் கட்டிக்கிடுவேன்"னு. எனக்கு ஒத்தப் பிள்ள அண்ணாச்சி. ஜாதியும் சபையும் எல்லாம் ஒண்ணுதான், மத்தபடி ஒரு கொறையும் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா பொறுப்பில்லாதவன் கையில எப்படிக் குடுக்க? ஒரு ஒயரக் கவனிக்காதவன் எம் பிள்ளையக் கவனிப்பானா? கேஸ மூடுவானா, கதவப் பூட்டுவானா, பிள்ளை குட்டின்னு ஆனா மருந்து மாத்திர நேரத்துக்குக் குடுப்பானா? எங்க வீட்டுக்காரி சொல்லுதா, நீரு ஒரு ஒயரப் புடிச்சிக்கிட்டுத் தொங்காதியும்னு. ஒயரு சின்ன விசயமா? ஒயரு சின்ன விசயம்னு நெனச்சவன்லாம் எங்க டிபார்ட்மெண்டுல மாலையோட போட்டோவுல இருக்கான்.

நான் ஒத்துக்கிடல, எங்க வீட்டுக்காரியும் சொந்தபந்தமும் சேந்து நிச்சயம் பண்ணிட்டாவ. எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி ஓல வாசிப்பாவ. மூணு ஞாயித்துக்கிழமை, ஐயரு ஆல்டர்ல நின்னு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயிச்சிருக்கு, தடை ஏதும் தெரிஞ்சவன் இப்பமே சொல்லணும்னு வாசிப்பாரு. சும்மா ஒரு மொறை. யாரும் ஒண்ணும் சொன்னது கெடையாது. எனக்குத் தெரிஞ்சி எங்க சபையில ஒருத்தனும் வாயத் தொறந்தது கெடையாது. மொத ஞாயிறு நான் பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். ரெண்டாவது ஞாயிறு தலவலின்னு போகல. மூணாவது ஞாயிறு வாசிக்காரு, நான் கிட்டாரத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கேன், எந்திரிக்கக்கூட வேண்டாம். வாய் தானாத் தொறந்துட்டு அண்ணாச்சி.

"தடை உண்டு ஐயரே!"

சனம் பூரா என் பக்கம் திரும்பிட்டு. ஐயருக்கு மொகம் வெளுத்துட்டு. "என்ன தடைண்ணே? மாப்பிள்ளைக்கு வேற எடத்துல கல்யாணம் ஆயிருக்கா?" இல்லன்னேன். "ரத்த ஒறவா?" இல்லன்னேன். "பின்ன?"

"பேட்டரி"ன்னேன்.

ஆமா, அப்படியேதான் சொன்னேன். அவன் வெள்ளிக்கிழமை வாசிச்சிட்டு ஒயர உருவ மாட்டான், ஈஸ்டர் அன்னைக்கி சபை முன்னாடி என்னத் தலகுனிய வச்சான், பொறுப்பில்லாதவன், இவனுக்கு எம் பிள்ளையக் குடுக்க மாட்டேன்னு மைக்குலயே சொல்லிட்டேன். ஐயரு வாசிச்ச தாள மடிச்சாரு. பொறவு, "சிகாமணி அண்ணே, திருச்சபைச் சட்டத்துல இது தடையில வராது, உக்காருங்க"ன்னாரு. பின் பெஞ்சுல வாலிபப் பயலுவ கொல்லுன்னு சிரிச்சிட்டானுவ. அப்பம் இந்த எடிசன் திரும்பி அவனுவள ஒரு முறை முறைச்சான் பாருங்க, சிரிப்பு அப்படியே அடங்கிட்டு. என்னா நடிப்பு! எனக்குப் பரிஞ்சிக்கிட்டு வாரானாம்! எப்சி எழும்பி வெளிய போயிட்டா. பூ ஜாடி அங்கனயே இருக்கு.

அதோட கல்யாணத்த அவன் அம்மா ஊருக்கு மாத்திக்கிட்டாவ. எங்க ஊருல வச்சா நான் இன்னும் என்ன செய்வேனோன்னு பயம். நானும் அதுக்குப் பொறவு கோயில் பக்கம் போகல.

போன வாரத்துக்கு முந்தின வாரம் எப்சி வந்து எங் கட்டில் பக்கத்துல உக்காந்தா. "அப்பா, நீங்கதாம்பா எங் கையப் புடிச்சிக் கூட்டிட்டு வரணும்"னா. எங்கள்ல அதான் மொறை. பாட்டுப் பாடும்போது பொண்ணோட அப்பன் வாசல்ல இருந்து கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயி, ஆல்டர் முன்னாடி மாப்பிள்ளை கையில குடுக்கணும். நான் சொன்னேன், "அவன் கையில குடுக்க எங் கை நீளாதும்மா. ஒங்க மாமா ராஜமணி கூட்டிட்டு வருவாரு"ன்னு. பிள்ள அழுதா. பொறவு கண்ணத் தொடச்சிக்கிட்டு, "ஒரே ஒரு விசயம் சொன்னா நீங்க மாறிருவியப்பா. ஆனா சொல்லக்கூடாதுன்னு அவரு என்ட்டச் சத்தியம் வாங்கியிருக்காரு"ன்னா. பாத்தியளா? இன்னும் தாலி கட்டல, அதுக்குள்ள அப்பன்ட்ட மறைக்கச் சொல்லிக் குடுத்தாச்சு! செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

போகும்போது கதவுட்ட நின்னு சொன்னா, "சரிப்பா, அப்பனா வராண்டாம். வாசிக்கவாவது வாங்க. அந்த ஊருச் சபையில பேஸ் வாசிக்க ஆளில்ல, வாசிக்கத் தெரிஞ்ச அவரே மாப்பிள்ளையா நிக்காருல்லா." இதுக்கு நான் எப்படி மாட்டேன்னு சொல்ல? எம் பிள்ள நடந்து வரும்போது பேஸ் இல்லாம ஒரு பாட்டா? அதான் ஐயர்ட்டக் கேட்டு கிட்டார வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். புதுப் பேட்டரி, நல்ல கம்பெனிது, போட்டேன். ஒரு தடவ வாசிச்சிப் பாத்தேன், கும்முன்னு இருக்கு. உருவி, சுத்தி, கட்டி, அலமாரியில வச்சிப் பூட்டிட்டேன். சாவி எம் அரைஞாண் கயித்துலதான். ஒரு பய தொடல. பத்து நாள் ஆச்சு. இன்னைக்கிக் காலம்பறதான் எடுத்தேன்.

இருங்க, காட்டுதேன். ரயிலத்தான் இன்னும் காணல. ஜிப்பக் கொஞ்சம் இழுங்க அந்தப் பக்கம். ஆங். பாத்தியளா? ஒயர எப்படிச் சுத்தி வச்சிருக்கேன்னு பாருங்க. ஒரு முறுக்கு உண்டுமா? இந்தா, இது பெட்டியில குத்துற பக்கம், உருவுனது. இந்தப் பக்கம் இங்கிலீஷ் எல் எழுத்து மாதிரி வளஞ்ச பின்னு, கிட்டார்லயே படிஞ்சி இருக்கும், அதத் தொடவே வேண்டாம். சப்ளை பக்கம் கட் பண்ணியாச்சில்லா, பொறவு இந்தப் பக்கம் கெடந்தா என்ன?

என்னது?

பேட்டரி எதுல இருக்கா? என்னண்ணாச்சி, இவ்வளவு நேரம் என்னத்தக் கேட்டிய? கிட்டார்லதான். வயித்துக்குள்ளன்னு சொன்னேம்லா. இந்தா பின்னால மூடி.

அப்பம் சப்ளை எந்தப் பக்கமா? சப்ளை ஆம்ப்ளிபயர்... இல்ல, அது கரண்டு. பேட்டரிக்கு... பேட்டரி கிட்டார்லதான இருக்கு. அப்பம் சப்ளை...

இருங்க. பேசாதிய. செத்த நேரம் பேசாதிய.

இந்த மூடிய நகத்தால தட்டுனா தொறந்துரும். பத்து நாளு முந்திப் போட்ட பேட்டரி அண்ணாச்சி. தேதி ஒட்டியிருக்கேன், பாருங்க. அந்தம்மா ஏன் பாக்கு? பாக்கட்டும். நாக்குல வச்சித்தான் பாக்கேன்.

சப்புன்னு இருக்கு.

இன்னொரு தடவ வைக்கேன். ஒண்ணுமில்ல. லேசா நமநமங்கு, அவ்வளவுதான். செத்துட்டு.

யாரும் தொடலயே. பூட்டி வச்சது நாந்தான், சாவி என்ட்டதான். எடிசன் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கலயே. வெள்ளிக்கிழமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானும் இந்த ஒயரும் மட்டும்தான், பின்னு கிட்டாருக்குள்ள கெடக்க வரைக்கும் பேட்டரி ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு.

ரயிலு வந்துட்டா? போயிட்டா? நான் கவனிக்கல. தண்ணி வச்சிருக்கியளா? குடுங்க.

அப்பம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன் அங்கன வந்தது... எல்லா ஞாயிறும் வருவாரு, பாத்துட்டுப் போவாருன்னு பிள்ள சொன்னாள்லா. இந்தப் பின்னத்தான் வந்து உருவிட்டுப் போயிருக்கான். நான் கட்டுன நாடாவ அவுத்து, பின்ன உருவி, திரும்ப அதே மாதிரிக் கட்டி வச்சிட்டுப் போயிருக்கான். எனக்குத் தெரியக்கூடாதுன்னு. அந்த வெயிலுல. வருசம் முழுக்க.

படவா! தெரிஞ்சிக்கிட்டே இருந்திருக்காம் பாருங்க! ஐயரு முன்னாடி நான் நாயே பேயேன்னு கேக்கேன், கல்லு மாதிரி நிக்கான். ஓல வாசிக்கையில சபை முன்னாடி நான் அவன் மானத்த வாங்குதேன், அப்பமும் வாயத் தொறக்கல. இப்படியுமா ஒருத்தன் இருப்பான்? ஒரு வார்த்த, "மாமா, நீங்க உருவுறது தப்புப் பக்கம்"னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா? பின் பெஞ்சுப் பயலுவ என்னப் பாத்துச் சிரிச்சிருப்பானுவ. லைன் இன்ஸ்பெக்டருக்கு சப்ளை எந்தப் பக்கம்னு தெரியலன்னு ஊருல ஒரு வாரம் டீக்கடையில இதான் பேச்சா இருந்திருக்கும். நான் பொறவு அந்தக் கிட்டார ஏறெடுத்துப் பாத்திருப்பனா? கோயிலுக்குத்தான் போயிருப்பனா?

அதான் சொல்லல.

என்ன மனசு அண்ணாச்சி அந்தப் பயலுக்கு. எங் கண்ணு கலங்குதா? தூசி. ஜன்னல்ல காத்து அடிக்குல்லா.

பஸ்ஸு நகந்துட்டு. கண்டக்டரே! ஏ கண்டக்டரே! குரும்பூர் தாண்டி விலக்குல ஒரு ஆளு எறங்கணும், இப்பமே சொல்லிட்டேன், வேகமாப் போகச் சொல்லுங்க! மணி என்னண்ணாச்சி? பத்தா? ஆண்டவரே.

நீங்க இத யாருட்டயும் சொல்லிராதிய. எந்த ஊரு உங்களுக்கு? தூத்துக்குடியா? நல்லதாப் போச்சு, அங்கன என்னத் தெரிஞ்சவன் கெடையாது. நானும் சொல்ல மாட்டேன். எதுக்குச் சொல்லணும்? அவன் சொல்லலல்லா? நானும் சொல்லல. மாமனும் மருமவனும் இதப் பேசாமலே இருந்துட்டுப் போறோம். அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், போதும்.

எங்க வீட்டுக்காரிக்கு ஒரு போன் அடிச்சிக்கிடுதேன். காதுல ஒரு எழவும் விழாது இந்தப் பஸ்ல.

ஏட்டி, நாந்தான். பஸ்ல இருக்கேன், வந்துக்கிட்டே இருக்கேன். ராஜமணி மச்சான் எங்க? பூ மாலை போட்டாச்சா? கழத்தச் சொல்லு. கழத்தச் சொல்லுட்டி. அவருட்ட நான் பொறவு பேசிக்கிடுதேன், இப்பம் போயி முன் பெஞ்சுல உக்காரட்டும். எம் பிள்ள கைய நாந்தான் புடிப்பேன். ஆமா, நாந்தான்! பேஸா? பேஸ் இல்லாமப் பாடுங்க, குடி முழுகிப் போகாது. ஏன்னு கேக்காத. ஏட்டி, ஏன்னு மட்டும் கேக்காத. ஐயர்ட்ட அஞ்சு நிமிசம் தாமதிக்கச் சொல்லு, ஒரு பாட்டு கூடப் பாடட்டும். மாப்பிள்ளைட்டயா? மாப்பிள்ளைட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். எப்சிய மட்டும் வாசல்லயே நிக்கச் சொல்லு, உள்ள போயிரப் போறா. அப்பன் ஓடியாரேன்னு சொல்லு.